காற்று ஓய்ந்த பிறகு பெய்த மழை

2020 நவம்பர் 25. நிவர் புயலுக்காகத் தமிழ்நாடு முழுக்க அரசு விடுமுறை விட்ட நாள். ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்து, வங்கக் கடலில் சுழன்று வரும் அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று இரவு 11.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை 2.30 மணிக்குள், புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்தை ஒட்டிய கடற்கரையில் புயல் கரை ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 130 கி.மீ.

விடிந்ததும் எல்லாச் சேனலிலும் ஒரே வரி: "நிவர் வலுவிழந்தது". எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்தது. ஆனால் வலுவிழந்த நிவர் ஓரிடத்தில் படுத்துவிடவில்லை. வடமேற்காக, பிறகு வடக்காக நகர்ந்து அன்று மாலைக்குள் திருப்பதி பக்கம் போய்ச் சேர்ந்தது. அப்போது அதன் பெயர்கூடப் புயல் இல்லை, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அந்த நிலையில்தான் சித்தூர், நெல்லூர், கடப்பா மாவட்டங்களில் அது கொட்டித் தீர்த்தது. மரக்காணத்துக்காரர்கள் கீற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஆந்திராவில் ஆறுகள் கரை புரண்டன.

வலுவிழந்தது என்றால் எது வலுவிழந்தது? இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் தேடினால், அது 250 வருடத்துக்கு மேல் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறை புயல்களைக் காற்றின் வேகத்தை வைத்துத்தான் வகை பிரிக்கிறது. மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல்; பெயர் கிடைப்பதும் அப்போதுதான். 89-க்கு மேல் தீவிரப் புயல், 118-க்கு மேல் அதிதீவிரப் புயல், இப்படியே 221-க்கு மேல் சூப்பர் புயல் வரை போகிறது. இந்த ஏணியில் எந்தப் படியிலும் மழைக்கு இடமே கிடையாது. எத்தனை செ.மீ. பெய்தாலும் புயல் ஒரு படி ஏறாது, பெய்யாவிட்டாலும் இறங்காது.

அது என்ன 62, 89, 118? ஏதோ லாட்டரிச் சீட்டு நம்பர் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். கி.மீ.யை விட்டுவிட்டுக் கடல் கணக்கான நாட்டுக்கு மாற்றினால் புரியும்: 34 நாட், 48 நாட், 64 நாட். இங்கிலாந்துக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-ல் எழுதிவைத்த காற்று அளவுகோலின் 8, 10, 12-ஆம் எண்கள் தொடங்கும் இடங்கள் இவை. ஒரு போர்க்கப்பல் எந்தக் காற்றில் எத்தனை பாய் விரிக்கலாம், எப்போது எல்லாவற்றையும் சுருட்ட வேண்டும் என்பதற்காகப் போட்ட கணக்கு அது. ஆக, இன்றைக்கு டி.வி.யில் சொல்லும் "புயலாக வலுப்பெற்றது" என்ற வார்த்தைக்குள் 200 வருடத்துக்கு முந்தைய பாய்மரக் கப்பல் ஒன்று மிதந்துகொண்டிருக்கிறது.

கப்பல்காரர்கள் காற்றைக் கண்டு பயந்ததற்கு இந்தக் கடற்கரையிலேயே சாட்சி உண்டு. 1760-61-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார்கள். நிலத்தில் அயர் கூட், கடலில் ஸ்டீவன்ஸின் கப்பல்கள், ஊருக்குள் சோறில்லாமல் பிரெஞ்சு தளபதி லாலி. 1761 புத்தாண்டு பிறந்த அந்த இரவில் புயல் அடித்தது. முற்றுகையிட்ட கப்பல்களில் சில ஆட்களோடு மூழ்கின. நியூகாசில், குயின்பரோ, புரொடெக்டர் ஆகியவை கரையில் தூக்கி எறியப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இரவில் போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கடவுளே வந்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஒரு வாரத்துக்குள் மீதிக் கப்பல்கள் திரும்பிவந்து முற்றுகையை மறுபடி போட்டுவிட்டன. ஜனவரி 16-ல் புதுச்சேரி வீழ்ந்தது. (புதுச்சேரியின் அன்றாடத்தை ஆண்டுக்கணக்கில் நாட்குறிப்பாக எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே ஜனவரியில்தான்.)

இந்த 1761 புயலைப் பற்றிப் படித்தால், எந்தக் கப்பல் எங்கே கவிழ்ந்தது என்று தெரிகிறது. அன்றைக்கு எவ்வளவு மழை பெய்தது, எந்த ஏரி உடைந்தது என்பதற்குப் பெரிய பதிவு கிடையாது. எழுதியவர்கள் கப்பலில் இருந்தவர்கள். அவர்களுக்கு ஏரியைப் பற்றி என்ன கவலை!

அதற்குப் பிறகு வந்த புயல் அறிவியலும் கப்பலோடுதான் வளர்ந்தது. 'சைக்ளோன்' என்ற சொல்லை உண்டாக்கியவர் ஹென்றி பிடிங்டன். பழைய கப்பல் தலைவர், பிறகு கல்கத்தாவில் கடல் வழக்கு மன்றத்தின் தலைவர். பாம்பு சுருண்டு கிடப்பதைப் போலக் காற்று சுற்றுகிறது என்பதால் கிரேக்கத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார். 1848-ல் அவர் வெளியிட்ட புத்தகம் மாலுமிகளுக்கானது. கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் கொம்புத் தகடு ஒன்றை வரைபடத்தின் மேல் வைத்து, புயலின் நடுப்பகுதி எங்கே, கப்பலை எந்தப் பக்கம் திருப்பினால் தப்பலாம் என்று பார்க்க வழி சொன்னார். 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும் புயல் நாசமாக்கியது. துறைமுகத்துக் கப்பல்கள் பஞ்சு போல் சிதறின. மறு வருடமே, 1865-ல், கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. இந்திய வானிலைத் துறை பிறந்தது அதற்கும் பத்து வருடம் கழித்து, 1875-ல். எச்சரிக்கை முதலில், துறை பிறகு! கடலூர், புதுச்சேரி, நாகைத் துறைமுகங்களில் இன்றும் ஏற்றுகிற 1 முதல் 11 வரையிலான புயல் கூண்டுகள் அந்த வம்சத்தில் வந்தவைதான். கப்பலுக்குச் சொல்லும் சேதி அது.

இப்போது கடலை விட்டுக் கரைக்கு வருவோம்.

விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டி இருக்கிறது இடையஞ்சாவடி. பெயரைப் பார்த்தால் ஆடு மாடு மேய்த்தவர்கள் தங்கிய சாவடியாக இருந்திருக்க வேண்டும். சுற்றிலும் செம்மண் மேடு, முந்திரி, சவுக்கு. இந்த மேட்டில் ஒரு காலத்தில் இருந்த காடு வெட்டப்பட்ட பிறகு, மழை பெய்தால் மண் கரைந்து பள்ளம் பள்ளமாக அரித்துக்கொண்டு ஓடியது. இன்றும் அங்கே ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான செம்மண் ஓடைகளைப் பார்க்கலாம். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது வந்தவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, தண்ணீர் ஓடாமல் வரப்பு போட்டு மரம் நட்டது. மழையை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்பதுதான் அங்கே பிழைப்பின் முதல் பாடம்.

மேட்டில் நிற்காத தண்ணீர் பள்ளத்துக்கு வருகிறது. அந்தப் பள்ளம், கழுவேலி. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் பெரிய சதுப்பு ஏரி. 2021-ல் 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சுற்று வட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் கழுவேலிக்கு வரும். அங்கிருந்து உப்பங்கழி வழியாக, மரக்காணம் பக்கத்துக் கழிமுகத்தில் கடலைத் தேடும். கடல் கொந்தளித்துக் கிடந்தால் கழிமுகம் தண்ணீரை வாங்காது, எதிர்த்துத் தள்ளும். அப்போது தண்ணீர் பரவி உட்காரும் இடம் மரக்காணம் உப்பளம்.

மரக்காணத்து உப்பு பழைய சங்கதி. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். உப்பு வண்டி ஓட்டிய உமணர்கள் சங்க இலக்கியம் முழுக்க வருகிறார்கள். பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி இங்கேதான் முடிந்தது; சரக்கு படகில் போனது. இன்றைக்குச் சுமார் 3,000 ஏக்கருக்கு மேல் பாத்திகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வெள்ளைக் குவியல்களைப் பார்த்து வண்டியை நிறுத்தி போட்டோ எடுப்பது வழக்கம்.

உப்புக்குக் காற்று எதிரி அல்ல, கூட்டாளி. உப்பு நீர் காய வெயிலும் வேண்டும், காற்றும் வேண்டும். மழைதான் ஆகாது. நல்ல சீசனில் ஒரு மழை விழுந்தாலே பாத்தியில் உறைந்துகொண்டிருக்கும் உப்பு மறுபடி தண்ணீராகிவிடும், கரையில் குவித்த உப்பும் மூடாவிட்டால் கரையும். வெள்ளமே வந்து பாத்திக்குள் உட்கார்ந்தால், வண்டல் படியும், வரப்பு உடையும், காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கிய தரை சேறாகும். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆகவே மரக்காணத்து உப்பளக்காரரிடம் போய் "காற்று 120 கி.மீ." என்று சொன்னால் அவர் வீட்டுக் கூரையைப் பற்றிக் கவலைப்படுவார். "40 செ.மீ. மழை" என்று சொன்னால்தான் தொழிலைப் பற்றிக் கவலைப்படுவார்.

ஆனால் ஊர் நினைவில் நிற்பது எது? காற்று! 1916 நவம்பர் 22, புதன்கிழமை இரவு புதுச்சேரியை ஒரு புயல் தாக்கியது. அப்போது அங்கே வாழ்ந்த பாரதியார் அதைப் பற்றிப் பாட்டு எழுதினார். நள வருடம் கார்த்திகை 8 என்று நாளையும் குறித்தார். அந்தப் பாட்டின் தலைப்பே 'புயற்காற்று'. விழாமல் தப்பிய தென்னந்தோப்பைப் பற்றியும் தனியாக ஒரு பாட்டு உண்டு. விழுந்த மரம் கண்ணுக்குத் தெரியும், எண்ண முடியும், வருடக்கணக்கில் பேச முடியும். வடிந்த தண்ணீரை எப்படிப் பேசுவது?

தானே புயலும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. காற்று 140 கி.மீ. வரை போனது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பண்ருட்டிப் பலாவும் கடலூர் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஒரு முந்திரித் தோப்பு மறுபடி காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்பது அந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். ஆரோவில் பக்கத்திலும் நாற்பது வருடமாக வளர்த்த மரங்கள் ஏராளமாக விழுந்தன. தானே என்ற பெயரைச் சொன்னாலே அந்தப் பக்கத்தில் இன்றும் முகம் மாறும்.

அந்த நினைவை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் 2024 நவம்பர் கடைசியில் மக்கள் ஃபெஞ்சலைப் பார்த்தார்கள். அது வருமா வராதா என்றே இரண்டு நாள் குழப்பம். நவம்பர் 28-ல், புயலாக மாறாமல் தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்றார்கள். 29-ல் புயலாகிவிட்டது என்றார்கள். 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தபோது காற்று 70 - 80 கி.மீ.தான், தானேயில் பாதி. ஏணியில் அது கீழ்ப்படிப் புயல். "ப்பூ, இவ்வளவுதானா" என்று தூங்கப் போனவர்கள் நிறையப் பேர்.

கரை ஏறிய ஃபெஞ்சல் நகரவில்லை. அரை நாளுக்கு மேல் புதுச்சேரி பக்கத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை. அதற்கு முன் அங்கே பதிவான அதிகபட்சம், 2004 அக்டோபர் 31-ல் பெய்த 21 செ.மீ. பழைய சாதனையை ஒன்றிரண்டு செ.மீ.யில் முறியடிப்பதைப் பார்த்திருக்கிறோம், இது இரண்டு மடங்கு! கடலோர ஊரே அல்லாத மயிலத்தில் 51 செ.மீ. டிசம்பர் 1 பகல் 11.30 மணிக்கு அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்தது என்று அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்புக்குப் பிறகு நடந்தவை: அன்று மாலை திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட 7 பேர் புதைந்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்டு, தென்பெண்ணை விழுப்புரம், கடலூர் மாவட்டங்களை மூழ்கடித்தது. அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் ஆறு ஓடியது. விக்கிரவாண்டி பக்கத்தில் பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்கள் நின்றன. மரக்காணத்தில் உப்பளம் என்று ஒன்று இருந்த அடையாளம் இல்லாமல் ஒரே கடலாகக் கிடந்தது.

அதாவது, வலுவிழந்த பிறகும் ஆள் செத்தது.

இது ஏன் நடக்கிறது? கரை ஏறியதும் புயலின் சுழல் காற்று, மரம், வீடு, குன்று என்று உராய்ந்து வேகம் இழக்கும். கடலின் சூடும் அதற்குக் கிடைக்காது. அது உண்மை. ஆனால் அது ஏற்கெனவே இழுத்துவந்த ஈரம் அப்படியே இருக்கிறது. மேலும் கடலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் வரை, வங்கக் கடலிலிருந்து புது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், நடுப்புள்ளிக்கு வடக்கே இருக்கும் ஊர்களுக்குக் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும். புதுச்சேரியில் புயல் என்றால் மரக்காணத்துக்கு ஈரக் குழாய் திறந்துவிட்ட மாதிரி. வேகமாக ஓடுகிற புயல் அந்த மழையை நாலு மாவட்டத்துக்குப் பங்கு வைக்கும். நின்றுவிட்ட புயல் ஒரே இடத்தில் கொட்டும். வடக்கே நகர்ந்த நிவர், திருப்பதி மலைகளில் முட்டி அங்கே ஈரத்தை இறக்கியது. மேற்கே நகர்ந்த ஃபெஞ்சல், திருவண்ணாமலையிலும் ஊத்தங்கரையிலும் இறக்கியது. காற்றின் வேகம் இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட வருவதே இல்லை. வருவது நகரும் வேகம்தான். அதற்கு ஏணியில் படி இல்லை.

பெயரே இல்லாத மழைகளும் உண்டு. 2015 நவம்பரில் புதுச்சேரி அருகே கரை கடந்தது வெறும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். நெய்வேலியில் 48 செ.மீ. பெய்தது. அதே வருடம் டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் 49 செ.மீ.; சென்னை மூழ்கியது. அதற்கும் பெயர் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையைத் தொடாமலே கடலோரமாக வடக்கே ஊர்ந்து போய் ஆந்திராவில் பாபட்லா அருகே கரை ஏறியது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்ட பாடு தெரியும்.

கடைசியாக டிட்வா. 2025 நவம்பர் கடைசி வாரம். இதுவும் ஏணியில் கீழ்ப்படிப் புயல்தான். ஆனால் மெதுவாக இலங்கைத் தீவின் மேல் ஏறி, மலையகத்தின் மேல் நின்று பெய்தது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் ஊர்களை மூடின. லயன் வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல அதில் சிக்கின. இலங்கை முழுக்க 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தானேயின் பாதிக் காற்று, பத்து மடங்குக்கும் மேல் சாவு. (மலை வேறு, சமவெளி வேறு என்பது சரிதான். ஆனாலும் யோசிக்க வைக்கிற கணக்கு.) பிறகு டிட்வா வடக்கே திரும்பி, வேதாரண்யம், காரைக்கால், புதுச்சேரி, மரக்காணம் என்று கரையை ஒட்டியே மேலே போனது. போகப் போகத் தேய்ந்தது. நவம்பர் 30-ல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னைக்கு அருகே கடலில் தயங்கி நின்றபடி, நகரத்தையும் திருவள்ளூரையும் மறுபடி நனைத்தது. புயல் போய்விட்டது என்று நினைத்து அலுவலகம் கிளம்பியவர்கள் முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள்.

வானிலைத் துறையை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. மழைக்குத் தனியாக ஆரஞ்சு, ரெட் அலர்ட் எல்லாம் கொடுக்கிறார்கள். 20 செ.மீ.க்கு மேல் என்றால் 'அதி கனமழை' என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். ஆனால் அது ஒரு அறிக்கை, புயலின் பெயரும் படியும் இன்னொரு அறிக்கை. டி.வி.யில் பெரிய எழுத்தில் ஓடுவது இரண்டாவதுதான். "வலுவிழந்தது" என்ற ஒரே வார்த்தை முதல் அறிக்கையை அழித்துவிடுகிறது.

நிவாரணக் கணக்கிலும் இதே கோணல் உண்டு. விழுந்த முந்திரி மரத்தை எண்ணலாம். முழுகிய நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு இருக்கிறது. உப்பு பயிர் அல்ல. பாத்தியில் தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு வாரமும் வராமல் போகும் கூலி எந்தப் பேரேட்டிலும் 'சேதம்' என்று ஏறாது; வராத வருமானத்தை யார் எண்ணுவது? உப்பளத் தொழிலாளர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இருக்காது என்பதால், குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு 5,000 என்றால் ஒரு நாளைக்கு 55 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அந்த மூன்று மாதமும் வழக்கமான மழைக்கான கணக்குதான். டிசம்பரில் ஒரு ஃபெஞ்சல் வந்து, பொங்கலுக்குப் பிறகும் பாத்தியில் தண்ணீர் வடியாமல் கிடந்தால், ஜனவரியில் வரப்பு கட்டி, சேறு வழித்து, தரையை மறுபடி மிதிக்கத் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கழியிலிருந்து உப்பு நீரை உள்ளே விடுவார்கள்.